கறை போன கண்ணாடி

அத்தியாயம் 17

போன வாரம் பொன்னியைப் பீரோவின் முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். சாவியைத் திருப்பியவள் ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள், பாவம். இனியும் காக்கவைத்தால் நன்றாக இருக்காது.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பொன்னிக்கு நாற்பது வயது. திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். கல்யாணம் வேண்டாம் என்றாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தம்பி மாறன் மின்வாரியத்தில் லைன்மேன். அவன் மனைவி கவிநிலா, செங்கத்துப் பெண். அப்பா தருமனைக் கேட்காமல் மாறனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிய மனிதர், ஆறு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பேரன் பிறந்தான் என்று சொல்லப் போன மாறனுக்கும் கதவு திறக்கவில்லை.

அந்தப் பேரன் இளவரசனுக்கு இப்போது ஏழு மாதம்.

பொன்னியின் பீரோவில் பட்டும் இல்லை, நகையும் இல்லை. பத்தொன்பது கேமரா லென்ஸ். எல்லாம் ஜப்பான். எல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தியவை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தாறில், பக்கத்து மாடியில் தங்கியிருந்த ஜப்பான்காரர் ஒருவர், ஆசைகளையெல்லாம் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தன் கேமராவைப் பொன்னியின் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அவர் விட்ட ஆசை இவளைப் பிடித்துக்கொண்டது.

ஈரம் அண்டினால் லென்ஸுக்குள் பூஞ்சை பூத்துவிடும். அதனால் பீரோவுக்குள் பகலும் இரவும் ஒரு பதினைந்து வாட் பல்பு எரியும். மாறன் அதைப் பார்த்து முணுமுணுத்தால், "லைன்மேன் வூட்டுல கரண்டுக்குப் பஞ்சமா?" என்பாள்.

இன்றைக்குத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். தேர். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையால் தொட்டில் போட்டு, பிள்ளையைக் கிடத்தி, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கம் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுகிற நாள். கவிநிலாவும் வேண்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் சுற்றி முடிகிறவரை பிள்ளையை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்பது அவளாகவே போட்ட சட்டம். முதல் போட்டோ அத்தை எடுப்பது. அதுவும் கரும்புத் தொட்டிலில்.

இன்றைக்கே இன்னொரு காரியமும் இருந்தது. பொன்னி பதினோரு வருஷமாகத் தேடுகிற லென்ஸ் ஒன்று, சென்னையிலிருந்து பஸ் ஏறி வருகிறது.

அதன் பெயர் எண்பத்தைந்து. முகத்துக்கென்றே செய்த லென்ஸ். நாற்பது அடி தள்ளி நின்றாலும் முகத்தைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்து, பின்னால் இருக்கிற சுவரையும் வயரையும் பாலில் கரைத்தது போல் கரைத்துவிடும். வைத்திருப்பவர் சக்கரபாணி. சினிமாவில் ஸ்டில் போட்டோ எடுத்து ஓய்ந்தவர். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏழு பேர் உண்டு. இன்லண்ட் லெட்டரில்தான் அவர்களுடைய உறவும் சண்டையும். அவர்களுக்குள் பொன்னிக்கு ஒரு பேர் இருந்தது. ‘திருவண்ணாமலை அம்மா லென்ஸ் வெச்சிருக்கிற மாதிரி யாராலயும் வெச்சுக்க முடியாது.’

எண்பத்தைந்துக்கு மாற்றாகச் சக்கரபாணி கேட்டது பொன்னியின் எட்டுக் கண்ணாடியை. ‘டாக்குமார்’ என்கிற ஜப்பான் வகை, ஐம்பது மில்லிமீட்டர். முதன்முதலில் அதை உள்ளே எட்டுத் துண்டுக் கண்ணாடி வைத்துச் செய்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஏழாகக் குறைத்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் அக்கா தங்கச்சி. வளையத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு, நாலாம் எண்ணுக்கு வலப்பக்கம் நின்றால் எட்டு. இடப்பக்கம் நின்றால் ஏழு. அந்தக் கோட்டுக்காகச் சாப்பாட்டை மறந்தவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள், ஆளுக்கொரு கோடு உண்டு.

சரி, சாவியைத் திருப்பியாகிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது.

பொன்னி எட்டுக் கண்ணாடியை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

நல்ல லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் முன்கண்ணாடியில் ஒரு நிறம் ஓடும். கத்திரிப்பூவும் தேனும் கலந்தது போல. கண்ணாடி மேல் அவ்வளவு மெல்லியதாக ஒரு பூச்சு. எதிர்வெயில் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்காமல் அடக்கி வைப்பது அதுதான். அந்த நிறம் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. சொம்புத் தண்ணீர் மாதிரி வெறும் கண்ணாடி.

ஜன்னல் பக்கம் திருப்பினாள். வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள். வளையத்தின் மரையில் வெள்ளையாக ஏதோ மாவு. விரலில் தொட்டு மோந்து பார்த்தாள்.

விபூதி.

"அண்ணி, பாத்துட்டீங்களா!"

வாசலில் கவிநிலா. ஈரத் தலை, மஞ்சள் புடவை, இடுப்பில் பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களா பாக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன். நேத்து நீங்க இத மேஜை மேல வெச்சுட்டுக் கரும்பு பாக்கப் போனீங்க இல்ல? நான் அப்ப வெளக்குத் தேய்ச்சுனு இருந்தேன். பாத்தா கண்ணாடி மேல கத்திரிப்பூ கலர்ல இன்னாவோ எண்ணெய்க் கறை. மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசன் வராரு, இப்பிடியா காட்டறதுன்னு, லாந்தர் சிம்னி துடைப்போமே, அந்த மாதிரி விபூதி போட்டுத் துடைச்சேன். மொதல்ல போவல. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒரு சிட்டிகை. அரை மணி நேரம் அண்ணி! கையே வுட்டுப்போச்சு. பளிச்சுனு ஆயிடுச்சு இல்ல?"

பொன்னி அவளைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அத்தையைப் பார்த்து வாயைத் திறந்தது.

"பளிச்சுனுதான் இருக்கு" என்றாள் பொன்னி.

"நான் சொல்லல?" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே கவிநிலா சமையலறைக்குப் போனாள்.

பின்னால் நின்றிருந்த மாறன் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் லென்ஸ்களோடு பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியவன். கத்திரிப்பூ நிறம் எதுவென்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா… போச்சா?"

"போச்சு."

"மறுபடி பூச முடியாதா?"

"இது இன்னா டிரான்ஸ்பார்மரா, பெயிண்ட் அடிக்க?"

"நான் போய் அவகிட்ட…"

"ஒரு வார்த்த பேசின, கரும்பாலயே அடிப்பேன்." பொன்னி குரலை உயர்த்தவே இல்லை. "இன்னிக்கு அவ தோள்ல தொட்டில் ஏறணும். அழுத கண்ணோட ஏறக் கூடாது. செங்கத்துலேர்ந்து யாரும் வரலைன்னு அவ ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டு பக்கமே பாத்துனு இருக்கா. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"அப்ப அந்த சார்கிட்ட?"

"அத நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, வெறுமையான அந்த லென்ஸையே கேமராவில் திருகி மாட்டினாள். வேறு பதினெட்டு இருக்கிறதே என்பீர்கள். கவிநிலா அரை மணி நேரம் தேய்த்தது இன்றைக்கென்று. இன்றைக்கு அது வெளியே வராவிட்டால் அவள் கேட்பாள்.

*

தேரடித் தெருவில் தெரிந்தவர்களின் பாத்திரக்கடை. அதன் மாடியில்தான் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. கீழே ஜனம் சித்திரையில் நெல் கொட்டியது போல் குமிந்து கிடந்தது. ஏழெட்டுக் கரும்புத் தொட்டில்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. மாறன் மாடியிலேயே உட்கார்ந்து கரும்பைச் சேர்த்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். மின்கம்பத்தில் கட்டுகிற முடிச்சு, அவிழவே அவிழாது.

சக்கரபாணி எட்டரை மணிக்கு வந்தார். சாயம் போட்ட தலை, சஃபாரி சட்டை, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் கையை விட்டு, குழந்தைகள் போடும் ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். உள்ளே கனமாக ஏதோ இருந்தது. பொன்னியின் கண் அதிலேயே நின்றது.

"பொன்னியம்மா, லெட்டர்ல உங்க கையெழுத்து பெரிசா இருக்கும். ஆளும் பெரிசா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"உங்க லெட்டர்ல பொய் ஜாஸ்தி இருக்கும் சார். ஆள் எப்பிடின்னு இனிமேதான் பாக்கணும்."

அவர் சிரித்தார். மோர் கொண்டுவந்த கவிநிலாவை நிமிர்ந்து பார்த்தவர், பார்த்தபடியே இருந்தார்.

"உங்கள எங்கியோ பாத்திருக்கேனே மா?"

"சினிமாக்காரங்க எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் இதத்தான் சொல்வாங்களாம்" என்றாள் கவிநிலா. மாறன் கரும்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"சரி, எட்டக் காட்டுங்க" என்றார் சக்கரபாணி.

பொன்னி கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் முதலில் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்; வலப்பக்கம். தலையை ஆட்டினார். பிறகு முன்கண்ணாடியைச் சாய்த்தார்.

மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரும்மா இந்தக் கொலய பண்ணது?"

"நான்தான்" என்றாள் பொன்னி.

"நீங்களா?"

"கொஞ்சம் அழுக்கா இருந்தது. விபூதி போட்டுத் தேய்ச்சேன்."

"விபூதியா!" சக்கரபாணி எழுந்தே விட்டார். "பீரோவுக்குள்ள பல்பு எரியவிட்டு வெச்சிருக்கிற பொம்பள, கண்ணாடிய விபூதியால தேய்ச்சீங்களா? பூச்சு எல்லாம் போயி மொட்டையா நிக்குது. பத்தொம்போது லென்ஸ் வெச்சிருந்து இன்னா பிரயோசனம்? இன்னிக்கே மத்த அஞ்சு பேருக்கும் எழுதிப் போடறேன். இனிமே உங்ககிட்ட எவனும் ஒரு மூடி கூட நம்பிக் குடுக்க மாட்டான்!"

பதினோரு வருஷத்தில் சேர்த்தது லென்ஸ் மட்டுமில்லை, அந்தப் பேரும்தான். அது போவதைப் பொன்னி நின்று பார்த்தாள்.

திரும்பினால், கவிநிலா பிள்ளையோடு பின்னாலேயே நிற்கிறாள்.

"அது கறை இல்லியா, அண்ணி?"

கீழே யாரோ அரோகரா சொன்னார்கள்.

"அண்ணி. அது கறை இல்லியா?"

"போய் தொட்டிலப் பாரு கவி. நேரமாவுது."

"சார்" என்று கவிநிலா சக்கரபாணியிடம் திரும்பினாள். "தேய்ச்சது நான். அண்ணிக்குத் தெரியாது. நீங்க எழுதறதா இருந்தா, செங்கம் கவிநிலா தேய்ச்சான்னு எழுதுங்க. எங்க அண்ணி பேர எழுதாதீங்க."

சக்கரபாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தவித்தது. காலுறையை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"சரி, நான் எழுதல. ஆனா மாத்தறதுங்கற பேச்சு இனிமே இல்ல. நான் வரேன்."

"இருங்க சார்" என்றாள் பொன்னி. "உங்களுத நான் இன்னும் பாக்கலியே."

"அதான் பேச்சே முடிஞ்சு போச்சே, எதுக்கு?"

அவர் கை பைக்குள் போகிற வேகம் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது. பொன்னி ஆபீசில் பதினைந்து வருஷமாக மனுக்களை வாங்குகிறவள். எந்தக் காகிதத்தை ஆள் அடியில் மறைக்கிறானோ அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"பதினோரு வருஷம் சார். கையில வெச்சுப் பாத்துட்டாவது குடுத்துடறேன்."

மறுக்க வழியில்லை. கொடுத்தார்.

எண்பத்தைந்து. உள்ளங்கையில் ஒரு சின்ன உரல் மாதிரி உட்கார்ந்தது. கறுப்பு, ஓரம் தேயாத கறுப்பு. முன்கண்ணாடியில் கத்திரிப்பூவும் தேனும் அப்படியே ஓடின. பொன்னி அதைக் கண்ணாரப் பார்த்தாள். பிறகு வளையத்தை முழுக்கத் திறந்து, லென்ஸை வானத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள்.

"கவி, இங்க வா. கண்ண இங்க வெய்யி. நடுவுல இன்னா தெரியுது?"

கவிநிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "சிலந்திக் கூடு மாதிரி… வெள்ளையா."

"பூஞ்சை" என்றாள் பொன்னி. "அதான் தேர் நாளாப் பாத்து வந்தீங்களா சார்? கூட்டத்துல, அவசரத்துல, வானத்துக்குக் காட்டிப் பாக்கமாட்டான்னு?"

சக்கரபாணி மெல்ல உட்கார்ந்தார். மோரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"பீரோ பல்பு பீஸ் போயிருந்தது மா. ரெண்டு மழைக்காலம் நான் கவனிக்கல" என்றார்.

மாறனுக்கு அடக்க முடியவில்லை. "ஒருத்தர் கண்ணுல பூ, ஒருத்தர் கண்ணுல கீறல். ஜோடி சரியாத்தானே சார் இருக்கு? மாத்திக்க வேண்டியதுதான!"

சக்கரபாணி நிமிர்ந்தார். உண்மையில் அவருக்கு அது சரியாகவே பட்டது. "நான் தயார்" என்றார் உடனே.

பொன்னியின் கையில் எண்பத்தைந்து. ஒரு ‘சரி’ சொன்னால் போதும்.

"இல்ல சார், சமமில்ல" என்றாள். "உங்களுதுல பூஞ்சை இன்னும் கண்ணாடியக் கடிக்கல. பிரிச்சு, துடைச்சு, வெயில்ல வெச்சா மாசிக்குள்ள சுத்தமாயிடும். என்னுதுக்குப் பூச்சு திரும்ப வராது. நல்லாகப் போறத வாங்கினு, ஆகாதத உங்க தலையில கட்டறதா?" காலுறைக்குள் லென்ஸைப் போட்டு அவர் மடியில் வைத்தாள். கை ஒரு கணம் அதன்மேல் நின்றது, எடுத்துவிட்டாள். "உங்க பஸ் நாலு மணிக்குத்தான? வாங்க. புள்ளையத் தூக்கற நேரம்."

ஏமாற்ற வந்த மனுஷனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

*

இந்தச் சண்டையில் அரை மணி நேரம் போயிருந்தது. அந்த அரை மணி நேரம்தான் பெரிய இடைஞ்சலாக வந்து நின்றது.

பொன்னியின் கணக்கு வேறாக இருந்தது. தேரடித் தெருவில் தொட்டில் தெற்கே பார்த்துப் போகும்போது அவள் முன்னால் நின்று எடுத்தால், மார்கழியை எட்டிப்பார்க்கிற சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மொட்டைக் கண்ணாடியானாலும் பழுதில்லை. ஆனால் அவர்கள் இறங்கும்போது பெரிய தேருக்காக நடுத்தெருவைக் கயிறு போட்டு ஒதுக்கிவிட்டார்கள். ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகத்தான் இடம். கேமராவைத் தூக்கவே வழியில்லை.

மூலை திரும்பித் திருவூடல் தெருவுக்குள் வந்த பிறகுதான் கொஞ்சம் காற்று கிடைத்தது. இங்கே தொட்டில் மேற்கே பார்த்து வருகிறது. அப்படியென்றால், முன்னால் நிற்கிற பொன்னிக்குச் சூரியன் நேர் எதிரே. பூச்சு இருந்தால் அடக்கியிருக்கும். இப்போது கேமராவுக்குள் கண்ணை வைத்தால் எல்லாம் கஞ்சித் தண்ணீர். கவிநிலா இல்லை, மாறன் இல்லை, வெறும் வெள்ளை.

அவர்கள் பதினைந்து தப்படியில் வந்துகொண்டிருக்கிறார்கள். கவிநிலா முன்னால், மாறன் பின்னால். நடுவில் மஞ்சள் சேலைக்குள் பிள்ளை. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. கவிநிலாவின் கண் கேமராவையே பார்க்கிறது. எடுக்க முடியுமா, நான் கெடுத்துவிட்டேனா என்று அந்தக் கண் கேட்கிறது.

"சார்!" என்றாள் பொன்னி, திரும்பாமலே. "அந்தக் கையக் குடுங்க."

சக்கரபாணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்பது வருஷம் நடிகைகளின் முகத்தில் வெயில் விழாமல் அட்டை பிடித்த கை அது. லென்ஸுக்கு மேலே, பக்கவாட்டில், உள்ளங்கையைக் குடை மாதிரி கவிழ்த்தார்.

"கொஞ்சம் மேல. படத்துல விரல் வருது."

"இப்ப?"

"இன்னும் எடது. அங்கதான். அசையாதீங்க."

கஞ்சித் தண்ணீர் தெளிந்தது. முதலில் கரும்பின் கறுப்புக் கணு. பிறகு கவிநிலாவின் நெற்றி. பிறகு அந்தக் குட்டிக் கால். ஓரங்களில் மட்டும் வெயில் கசிந்து, சேலையின் மஞ்சளைச் சுற்றி விளக்குக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ஒளி.

பொன்னி அழுத்தினாள். ஒரே ஒரு தடவை. அடுத்த நொடியில் யாருடைய தலையோ குறுக்கே வந்துவிட்டது.

"விழுந்துச்சா?" என்றார் சக்கரபாணி, கையை எடுக்காமல்.

"விழுந்துச்சு."

"பிலிமக் கழுவாமலே சொல்றீங்களே?"

"என் கண்ணு சொல்லுது சார். கழுவறது உங்களுக்குக் காட்டறதுக்கு."

கடந்து போகும்போது கவிநிலா கண்ணாலேயே கேட்டாள். பொன்னி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் தோளை நிமிர்த்தி, அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், பிள்ளை தூக்கிவாரிப்போட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

*

சுற்றி முடித்துப் பாத்திரக்கடை மாடிக்குத் திரும்பும்போது உச்சி வேளை ஆகவில்லை. எல்லோரும் பெரிய தேருக்காகக் காத்திருந்தார்கள். எதிர்ச்சாரி மாடிகளிலெல்லாம் தலைகள்.

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பொன்னி கேட்டாள். "சார், எண்பத்தஞ்சுல எடுத்த படம் ஒண்ணு எடுத்தாரேன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்களே, எங்க?"

சக்கரபாணி நெளிந்தார். "அத விட்டுடுங்க. அது இந்த லென்ஸ்ல எடுத்ததில்ல."

"அதுவுமா பொய்!"

"என்கிட்ட ரெண்டு எண்பத்தஞ்சு இருந்தது மா. நல்லத ரெண்டு வருஷம் முன்ன ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். லென்ஸ்ன்னா இன்னான்னே தெரியாத ஆள். நெல் மண்டி வெச்சிருக்கார் போல. விசாரிச்சுனு என் வீட்டுக்கே வந்து, ‘தூரத்துல இருக்கறவங்க முகத்தக் கிட்டக் காட்டற கண்ணாடி எது?’ன்னு கேட்டார். வேற ஒண்ணும் கேக்கல. அந்தக் கேள்விக்காகவே கேமராவோட குடுத்துட்டேன். எடுத்த சுருளத் தபால்ல அனுப்புவார், நான் கழுவிப் போட்டு அனுப்புவேன். இது போன மாசம் வந்தது. நான் கூடுதலா ஒண்ணு போட்டு எடுத்து வெச்சுக்கிட்டேன். அவ்ளோ நல்லா இருந்தது."

பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். எடுத்தவர், அதைப் பொன்னியிடம் நீட்டாமல் தானே பார்த்தார். பிறகு கவிநிலாவைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"அடக் கடவுளே. எங்கியோ பாத்தேன்னு சொன்னேனே!"

படம் கைமாறியது.

ஒரு மொட்டைமாடி. ஆன்டெனாக் கம்பத்தில் கட்டிய கொடி. ஒரு பெண் பிள்ளைத் துணி உலர்த்துகிறாள். இடுப்பில் ஒரு குழந்தை, அவள் காதைப் பிடித்து இழுக்கிறது. வலியில் பாதியும் சிரிப்பில் பாதியுமாக அவள் முகம். பின்னால் இருக்கிற சுவரெல்லாம் பாலில் கரைந்திருந்தது.

"இது நம்ம மாடி" என்றான் மாறன். "கவி, இது நீ!" ஒரு வினாடி கழித்து, "அப்ப மொத போட்டோ போன மாசமே எடுத்தாச்சா?"

கவிநிலா அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த ஆளு பேரு இன்னா சார்?"

"கவர்ல தருமன்னு இருக்கும். செங்கம்."

"எங்க அப்பாவா?" என்றாள் அவள். "அவருக்கு ரேடியோ திருப்பக் கூடத் தெரியாது சார்." சொன்னவள் அப்படியே கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் காதைப் பிடித்து இழுத்தது.

பொன்னி படத்தை வாங்கிப் பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால் கண் கலங்கியிருப்பாள். இவள் நிழலைப் பார்த்தாள். வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு நீளம், எத்தனை அடி தூரம். எதிர்ச் சந்து லாட்ஜ் மாடியாகத்தான் இருக்கவேண்டும். முதுகில் வெயில் படும்படி நின்றிருக்கிறார். அவள் திரும்புகிறவரை காத்திருந்திருக்கிறார். ஒரு தடவை வந்தவர் எடுத்த படம் இல்லை இது. ரெண்டு வருஷமாக வந்து வந்து கற்றுக்கொண்ட கை.

பதினோரு வருஷம் உலகமெல்லாம் தேடிய லென்ஸ் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது பொன்னிக்குச் சிரிப்பு வந்தது.

"கவி, எழுந்திரு."

"எதுக்கு அண்ணி?"

"பேரன் துணி காயறதுக்கே செங்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தவரு, பேரன் தொட்டில் ஏறற நாள்ல வூட்டுலயா உக்காந்திருப்பாரு?"

கவிநிலா எழுந்தாள். எதிர்ச்சாரியில் மாடி மாடியாகத் தலைகள், நூறு இருநூறு. எல்லாம் தேர் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

மாறன் கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடித்தான். "நான் போய்த் தேடறேன். ஒரு ஒரு மாடியா…"

"போகாத. நீ தேடினா ஓடிடுவாரு." பொன்னி கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்த்தாள், பிறகு எதிர்ச்சாரியைப் பார்த்தாள். மொட்டைக் கண்ணாடி மாட்டிய கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். "அவரு எங்க நிப்பாருன்னு தெரியல. ஆனா அந்த எண்பத்தஞ்சோட இருப்பாரு. அது போதும். புள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கு. இன்னும் மேல. தலைத் துணிய எடு, நெத்தியில வெயில் விழட்டும்."

கவிநிலா தூக்கினாள். பொன்னி பின்னால் நின்று அவள் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டாள்.

தேர் மூலையில் திரும்பியது. தெருவே ஒரே குரலாக எழுந்தது. எதிர்ச்சாரியில் எல்லாத் தலைகளும் தேரின் பக்கம் திரும்பின.

ஒன்றைத் தவிர.

மூன்றாவது மாடி, தண்ணீர்த் தொட்டியின் ஓரம். வெள்ளைச் சட்டை. முகம் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில் பட்டு, கத்திரிப்பூவும் தேனும் கலந்த ஒரு பொட்டு மினுங்கியது.

"அசையாத கவி" என்றாள் பொன்னி. "மொதல்ல அவரு எடுத்து முடிக்கட்டும்."